வலைக்கு மேலே மாமா

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொஞ்ச காலம் இங்கிலாந்தில் கவுன்சிலராக இருந்தார். தாத்தா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் போனவர், அங்கிருந்து வேலை தேடி இங்கிலாந்து போய், அந்த ஊர்க்காரர்களே சரியாகக் கேள்விப்படாத ஒரு குட்டிக் கட்சியில் சேர்ந்து, எப்படியோ ஒருமுறை ஜெயித்தும் விட்டார். பதவியில் இருந்த காலம் முழுக்க அலைந்து அவர் சாதித்தது, ஒரு பஸ் ஸ்டாப்புக்குக் கூரை. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டுகூட இறங்காது என்று போனில் அதைப் பற்றியே பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் நான் கூரையைச் சொல்லவில்லை. சைரன் வைத்த கார், முன்னாலும் பின்னாலும் போலீஸ் என்று அளந்துவிட்டிருந்தேன்.

மே மாத விடுமுறையில் மாமா வந்தார். காரைக்காலில் எங்கள் தலத்தெரு முனையில் அப்பா பெரிய பேனர் கட்டியிருந்தார். கைகூப்பிய மாமா, பின்னால் லண்டன் மணிக்கூண்டு, மேலே ‘இங்கிலாந்து கண்ட சிங்கமே’. அந்த மணிக்கூண்டுக்கும் மாமா கவுன்சிலராக இருந்த ஊருக்கும் அரைநாள் பயணம்.

காரிலிருந்து இறங்கிய மாமாவின் முகம் மாறிப்போனது.

“அத்தான், நான்தான் தோத்துட்டேனே. அக்காகிட்ட போன்ல சொன்னேனே.”

“சொன்னா. இங்க யாருக்குப்பா தெரியப் போவுது? சால்வைய வாங்கிக்கிட்டு ரெண்டு வார்த்த பேசு, போதும்.”

மாலையில் தெருவிலேயே மேடை. என் வகுப்புத் தோழிகளை நான்தான் முன்வரிசையில் உட்கார வைத்தேன். சால்வையோடு எழுந்த மாமா, “நான் இப்ப கவுன்சிலர் இல்லீங்க, எலெக்‌ஷன்ல தோத்துட்டேன். ஜெயிச்சவங்க வீட்டுக்குப் போயி, பாக்கி கெடக்குற வேலையெல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார்.

“எதிர்க்கட்சி வூட்டுக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. அப்பா மைக்கை வாங்கி, “தம்பிக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி” என்று சமாளித்தார்.

“இல்ல அத்தான், நெசமாவே தோத்துட்டேன்” என்றார் மாமா, அதுவும் மைக்கிலேயே.

“அப்ப போலீஸ் காரு?” என்றாள் என் பக்கத்தில் இருந்த தோழி. வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் மாமாவே பேனரை அவிழ்த்து, வலைக்குப் போர்த்தக் கேட்ட காரைக்கால்மேட்டு மீனவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சில நாளில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்.

ஐப்பசி மழை தொடங்கியது. எங்கள் பள்ளி வேன் காரைக்கால்மேட்டைச் சுற்றித்தான் போகும். கரையில், வலைக்குவியலின் மேல், மாமா கைகூப்பியபடி மல்லாந்து கிடப்பார். நெற்றியில் காக்கை உட்கார்ந்திருக்கும். “கவுன்சிலர் வணக்கம் சொல்றாரு” என்று வேனே கத்தும். நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். அவமானத்தில் அழுகை வரும்.

ஒருநாள் மாமா வீடியோ காலில் வந்தார். அவருக்கும் வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்:

“ஒங்க பேனரு வலைமேல கெடக்கு மாமா. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“அப்புடியா? உள்ள தண்ணி எறங்குதாமா பாப்பா?”

“எறங்கலையாம். மீன்காரம்மா அம்மாகிட்ட சொன்னாங்க.”

“ஒரு சொட்டுகூட?”

“ஒரு சொட்டுகூட இல்ல.”

மாமாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பேனரில்கூட அவர் அவ்வளவு சிரித்திருக்கவில்லை. இவ்வளவு வெட்கமில்லாத ஒரு மனிதருக்கு யார்தான் ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை.