மானிட்டரின் முதுகில் ஒரு குறி

வேலூர் கடையில் மானிட்டரை வாங்கி ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இருபத்தேழு அங்குலம் மடியில் எங்கே கொள்ளும்? பாதிப் பெட்டி பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலில் ஏறிக்கொண்டது. அவர் முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிற, நாற்பதைத் தொடப்போகிற ஆள் கார் ரேஸ் விளையாட மானிட்டர் வாங்குகிறேன் என்று கிளம்பிவிட்டால், முறைப்புக்கெல்லாம் பயந்து கட்டுப்படியாகாது.

என்னுடைய பழைய மானிட்டர் ஒரு நொடிக்கு அறுபது முறை படத்தை மாற்றும். புதியது நூற்று அறுபத்தைந்து முறை. அதனால் வேகமாக ஓடும் காட்சி கலங்காமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பது கணக்கு. என்னோடு ஆன்லைனில் ரேஸ் ஓட்டும் பாகாயத்து நண்பர், "நீ ஓட்டிப் பாத்து சொல்லு தோஸ்த், நல்லாருந்தா நானும் அதையே எடுத்துடறேன்" என்று சொல்லியிருந்தார். மதிப்பீட்டாளர் பொறுப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மானிட்டரை மாட்டிப் பத்து நிமிஷம் ஓட்டினேன். உடனே அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "வெண்ணெய் மாதிரி வழுக்குது, தோஸ்த்! பழசுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

என் மனைவிக்கு அந்த வாரம் வேறு கவலை. அவள் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பார்ப்பவள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தோலையும் மேசையில் விரித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறின தழும்பு எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடிப்பாள். பிறகு தோலைத் திருப்பி, பின்பக்கம் சாக்பீஸால் ஏ, பி, சி என்று ரகம் எழுதுவாள். பதினான்கு வருஷமாக இதுதான் வேலை. அந்த வாரம் அவள் ஏ போட்ட ஒரு தோலில், ஷூவாகத் தைத்த பிறகு மூக்குப் பக்கம் புள்ளி தெரிந்துவிட்டது. "கண்ணு டல்லடிக்குது போலம்மா. பேக்கிங் பக்கம் போயிடறியா? திங்கக்கிழமை சொல்லு" என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டார்.

சம்பளம் குறையாது. மரியாதையாகத்தான் கேட்டாராம். ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "கண்ணு நெஜமாவே போய்ட்டிருந்தா சொல்லுங்க, பேக்கிங்குக்கே போய்டறேன்" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, விடு" என்று சொல்லிவிட்டு மானிட்டர் பெட்டியின் தெர்மாகோலைப் பிரிக்கப் போய்விட்டேன். புருஷன் லட்சணம் அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் பழைய மானிட்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். எனக்கு வேண்டியது கைத்தட்டல். அவள் தோல் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் நேராக, பிறகு இடமிருந்து, வலமிருந்து, கடைசியில் கன்னம் மேசையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து. "கருப்பு நல்ல கருப்பா இருக்குது. சைடுல பாத்தாலும் கலர் மாறல. கீழ் மூலைல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசியுது" என்றாள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கசிந்தது. நான் முந்தின ராத்திரியெல்லாம் உட்கார்ந்தும் பார்க்காதது.

"அது கிடக்கட்டும், ஓட்டத்தப் பாரு" என்று காரை விரட்டினேன். இரண்டு திரையையும் மாற்றி மாற்றிக் கவனித்தாள்.

"ரெண்டும் ஒண்ணாதாங்க ஓடுது. ரோட்டோர போர்டு இதுலயும் கலங்குது, அதுலயும் கலங்குது."

"நல்லா பாரு!"

"நல்லாதான் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப கம்பெனில சொன்னது சரிதான் போல" என்று வாயை விட்டுவிட்டேன்.

அவள் எழுந்து கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். புது மானிட்டரின் முதுகில் பெரிதாக ஒரு பி எழுதினாள். சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகக் கேட்டது. சொன்னதைத் திருப்பி வாங்கத் தெரியாமல், அந்த பி-யைத் துடைக்கவும் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நண்பர் போன் செய்தார். "வாங்கக் கிளம்பிட்டேன். செட்டிங்ஸ்ல எவ்ளோ காட்டுதுன்னு ஒரு போட்டோ மட்டும் அனுப்பு."

திறந்து பார்த்தேன். அறுபது என்று இருந்தது.

மானிட்டர் நூற்று அறுபத்தைந்து ஓடக்கூடியதுதான். கம்ப்யூட்டரிடம் அதைச் சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை. சனிக்கிழமையிலிருந்து பழைய வேகத்திலேயே ஓட்டிவிட்டு வெண்ணெய் என்று பீற்றியிருக்கிறேன். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த எண்ணைத்தான் என் கண் பார்த்திருக்கிறது. வீட்டில் திரையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

எண்ணை மாற்றினேன். திரை ஒரு கணம் இருண்டு திரும்பியது. காரை எடுத்தேன். மிகைப்படுத்தாமல் சொல்கிறேன், அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வளைவில் திரும்பும்போது மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மரமாகவே விலகிப் போயின. ஸ்டியரிங்கைத் தொட்ட கணமே கார் சொன்னபடி கேட்டது. ஓரத்துப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று போகிற போக்கிலேயே வாசிக்க முடிந்தது. இந்த மானிட்டரைச் செய்தவன் யாராக இருந்தாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

நான் கூப்பிடவில்லை. ஏதோ எடுக்க வந்தவள், ஈரக் கையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இப்ப இன்னா பண்ணீங்க? இது வேற ஓட்டம்."

ஐந்தாறடி தூரம். அவளிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. நடந்ததைச் சொன்னேன். "உன் கண்ணு சரி. என் கண்ணுதான் மோசம். நான் சொன்னது ரொம்பத் தப்பு, மன்னிச்சிடு" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக வாசித்தபடி இரண்டு சுற்று பார்த்தாள். பிறகு மானிட்டரின் பின்னால் போய், முந்தானையால் பி-யைத் துடைத்துவிட்டு ஏ எழுதினாள். வெளிச்சம் கசிந்த மூலைக்கு நேராகச் சின்னதாக ஒரு வட்டமும் போட்டாள். நண்பருக்கு உண்மையைச் சொல்லி இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவர் சிரித்த சிரிப்பை எழுதிக் காட்ட முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்: "பேக்கிங்குக்கு மாட்டேன்னு சொல்லிட்டேன். அந்தத் தோலு நான் விட்டதுதான் சார், அவசரத்துல பாத்தேன், ஆனா கண்ணு நல்லாருக்குதுன்னு சொன்னேன்."

"அவர் இன்னா சொன்னாரு?"

"எப்டிம்மா சொல்றேன்னு கேட்டாரு. வீட்ல பாத்துட்டோம் சார்னேன். ஆறு தோலை எடுத்துப் போட்டாரு. பாத்து எழுதுனேன். சரி, உன் மேசைக்கே போன்னுட்டாரு."

"வீட்ல எப்டிப் பாத்தோம்னு கேக்கலியா?"

"கேட்டாரு," என்றாள் கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டே. "சொல்லல. கம்ப்யூட்டர் வாத்தியார் மானத்த நான் எதுக்கு வாங்கணும்?"