மூன்றாவது பூட்டு

ஹபீப் ரகுமானிடம் மிக்ஸி ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்ட வேண்டும். "தானா நின்னு போச்சு" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதர் ஜாரை எடுத்து மோந்து பார்ப்பார். "தானா எதுவும் நிக்காது தாயி. விரலி மஞ்சளப் போட்டியளா?" என்பார். பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ராஜபாளையத்தில் அவர் கடைக்கு நல்ல பெயர். அவருக்கு 'சந்தேக மாமா' என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தது எங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள். மாலையில் கேரம், ஞாயிற்றுக்கிழமை வாலிபால் என்று நடக்கிற சின்ன மன்றம். பெரியவர்கள் சிலர் சம்பளமில்லாமல் உதவிக்கு வருவோம். நான் விசில் ஊதுகிறவன். பிள்ளைகளுக்குள் ஒருவரை ஆண்டுதோறும் அவர்களே கை தூக்கித் தலைவராக்கிக்கொள்வார்கள். இப்போது பிளஸ் டூ படிக்கிற சுமையா தலைவி. பெரியவர்களில் பொறுப்பாளர் ஹபீப் பாய்.

மன்றத்து அறைக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி பாயிடம், மற்றதன் சாவி தலைவியிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். பெரிய ஆள் எவனும் அங்கே பிள்ளைகளோடு தனியாக இருந்துவிடக் கூடாது என்று பாய் செய்த ஏற்பாடு. "இங்க என்னங்க தப்பு நடந்துச்சு?" என்று கேட்டால், "நடந்த பொறவு போடுறதுக்குப் பேரு பூட்டா?" என்று திருப்பிக் கேட்பார்.

இந்த மனிதர் முன்னால்தான் கிளாட்வின் வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எழுத்தர் வேலை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். பந்துக்குக் காற்றடிப்பார், சுளுக்கிய காலுக்குத் துணி சுற்றிவிடுவார், தோற்ற பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

"சொந்த ஊர்ல மன்றம் இல்லாமலா இங்க வருதான்?" என்றார் பாய். "வீட்டுல யாரு இருக்காகன்னு கேட்டா, 'இருக்காங்க'ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்புதான்."

ஒருநாள் கிளாட்வின் பால்கோவா டப்பாவோடு வந்தார். பாய் முகத்தைச் சுளித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் பால்கோவா கொண்டுவராவிட்டால்தான் பாய் சந்தேகப்பட வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்றை நானும் கவனித்தேன். சின்னப் பிள்ளைகளிடம் கிளாட்வின் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார். பாய் அருகே வந்தால் பேச்சு நின்றுவிடும். கடைசியில் பாய் கதவைப் பூட்டுகிற வரைக்கும் மனிதர் கிளம்பவும் மாட்டார்.

இந்தச் சமயத்தில் மதுரையில் ஜூனியர் வாலிபால் போட்டி வந்தது. பிள்ளைகளை அழைத்துப் போகும் பொறுப்பைக் கிளாட்வினுக்குக் கொடுக்கலாம் என்றார் மன்றத்தை நடத்தும் பெரியவர்களின் தலைவர் நவநீதகிருஷ்ணன். பாய் மட்டும் கூடாது என்றார்.

"காரணம் சொல்லுங்க பாய்."

"காரணம் தெரியல. மனசுக்குச் சரியாப் படல."

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க சந்தேகப்பட்டே உதவிக்கு வாற ஆளெல்லாம் ஓடிப்போறாங்க. வாற ஞாயித்துக்கெழம காரணத்தோட வாங்க. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிருங்க."

பாய்க்குப் பிள்ளை இல்லை. கடையை மூடினால் மன்றம், மன்றத்தைப் பூட்டினால் வீடு. அந்தச் சாவியைப் பிடுங்கினால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. தலைவர் மீதா பாய் மீதா என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் பாய் சுமையாவைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளிடம் கிளாட்வின் என்னதான் பேசுகிறார் என்று கேட்டார்.

"கேட்டுப் பாத்தேன் மாமா. வாயத் திறக்க மாட்டேங்குதுக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காராம்."

பாய் என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தீர விசாரிப்பதே மெய் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டோம்.

கிளாட்வின் தெருமுனையில் ராம்கி என்பவரின் மளிகைக் கடை. சோடா வாங்குகிற சாக்கில் பேச்சுக் கொடுத்தோம். தங்கமான மனுசன் என்றார் ராம்கி. எல்லோரும் அப்படிச் சொல்கிற ஆளைத்தான் பாய்க்குப் பிடிக்காது. "அந்தத் தங்கம் எதுக்கு ராஜபாளையம் வருது?" என்று கேட்டார்.

ராம்கி பாயை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மிக்ஸிக் கடை ஹபீப் பாயா?"

"ஆமா."

ராம்கி சிரித்துவிட்டார். "அட, உங்களப் பாக்கத்தான்யா அவரு வாராரு! அவரு மக அக்சாவுக்கு வாலிபால்னா உசுரு. இங்கன பொம்பளப் புள்ளைகளுக்கு டீம் இல்ல. உங்க மன்றத்துல சேக்கலாம்னா, அங்க ஒருத்தரு இருக்காரு, புள்ளகுட்டி கெடையாது, வருசக்கணக்கா ஊராம் புள்ளைக கூடவே கெடக்காரு, என்ன ஆளுன்னு தெரியலன்னு பயம். மொதல்ல நானே போயிப் பாத்துட்டு வாரேன்னு கெளம்புனாரு. உங்க ஊருல மிக்ஸி கொடுத்தவுகட்ட எல்லாம் உங்களப் பத்தி விசாரிச்சிருக்காரு."

பாய் சோடாவைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

ஊர் திரும்பியதும் பாய் வீட்டில் அவர் மனைவி நூர்னிசாவிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று அவரைப் பார்த்துச் சொன்ன அந்த அம்மா, சொல்லி முடிக்குமுன்பே அழுதுவிட்டார். பாய் என்னைப் பார்த்து, "என்னயப் போயி…" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் பாய் நேரே கேட்டார். "எம்மேல சந்தேகப்பட்டா வந்திய?"

கிளாட்வின் முகம் வெளுத்தது. "ஆமா பாய்."

"புள்ளைகட்ட என்ன கேட்டிய?"

"அந்த மாமா உங்க யாரையாச்சும் தனியாக் கூப்பிடுவாரான்னு கேட்டேன்."

நவநீதகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பாய் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"கேட்டது சரி. யார்ட்டயும் சொல்லாதன்னு புள்ளைகட்டச் சொன்னியளே, அது தப்பு. கெட்டவன் சொல்ற மொத வார்த்தையே அதுதான சார்? நாளைக்கு அவன் சொன்னாலும் இதுக வாயத் தொறக்காதே. மொதல்ல போயி அத மாத்திச் சொல்லுங்க."

கிளாட்வின் மைதானத்துக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் குந்தி உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார்.

"இப்ப சந்தேகம் தீந்துச்சா?" என்றார் பாய்.

"இன்னும் முழுசாத் தீரல பாய்."

அத்தனை நாளில் முதன்முதலாகப் பாய் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தார். மதுரைக்கு இவரே போகட்டும், கூட நானும் போக வேண்டும் என்று என்னைக் காட்டி முடிவு சொன்னார். மறுநாளே பஜாரில் பெரிய பூட்டாக ஒன்று வாங்கிக் கதவில் மாட்டி, சாவியைக் கிளாட்வினிடம் கொடுத்தார். தன் மேல் கண் வைக்கவும் ஆள் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் சேர்கிற வரை பிள்ளைகள் வெயிலில் நின்று மூன்று பேரையும் திட்டினார்கள்.

அக்சா சேர்ந்தாள். உயரமான பெண், நல்ல அடி. அப்பாவோடு வருவாள், அப்பாவோடு போவாள். மகள் ஆடுகிற நேரமெல்லாம் கிளாட்வின் பந்தைப் பார்த்ததைவிடப் பாயைப் பார்த்ததுதான் அதிகம். பாயும் அதற்குத் தோதாக எப்போதும் வெளிச்சத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருப்பார்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, பஸ்ஸிலிருந்து அக்சா மட்டும் இறங்கி வந்தாள்.

"அப்பாவுக்கு வேலை இருக்கு மாமா. உங்ககிட்டக் குடுத்துரச் சொன்னாங்க."

பாயின் கையில் அந்த மூன்றாவது சாவியை வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. சுமையா தன் பூட்டைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள்.

பாய் போனை எடுத்தார்.

"என்ன சார் மனுசன் நீங்க? நாலு மாசத்துல ஒருத்தன நம்பிருவியளா? அறிவு வேணாம்? அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்து உங்க பூட்ட நீங்களே தொறங்க. அதுவரைக்கும் எல்லாரும் வெளிய நிக்கோம்."

போனை வைத்தார். அந்தச் சாவியைச் சுமையாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.