நடந்து போகும் லாரிக்கு ஒரு கார்புரேட்டர்

என் லாரி வேகமாகப் போக வேண்டிய லாரி இல்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஒருவன் காதிலும் ஏறவில்லை. கார்புரேட்டர் மாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தால் போதும், டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பவன்கூட, "பெருசாப் போடுங்கண்ணே, சும்மா பிச்சுக்கிட்டுப் போவும்" என்கிறான். எங்கே பிய்த்துக்கொண்டு போவது? முன்னால் நாதஸ்வரக்காரர் நடந்து போகிறார். அவர் மேல் ஏற்றவா?

அரியலூரில் எனக்குச் சப்பர வண்டித் தொழில். ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய பெட்ரோல் லாரியின் பின்னால் மேடை கட்டி, பூவும் சீரியல் பல்பும் வைத்துத் திருவிழாக்களுக்கு ஓட்டுகிறேன். மாரியம்மன் ஊர்வலம், மாதா தேர்ப் பவனி, சந்தனக்கூடு எல்லாவற்றுக்கும் வண்டி ஒன்றுதான். மேலே அலங்காரம்தான் மாறும். டீசல் இன்ஜின் வைக்கச் சொல்லும் அறிவாளிகளும் உண்டு. டீசல் உதறும். சாமியின் மூக்குத்திவரை ஆடும். அந்தச் சத்தத்தில் தவில் கேட்காது, பின்னால் வரும் பெண்களின் பட்டுப்புடவையெல்லாம் கரி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் நிதானமாக ஓடினால் பூனை தூங்குகிற மாதிரி இருக்கும்.

ஓடினால்தான். போன வருஷம் மீன்சுருட்டிப் பக்கம் ஓர் ஊரில் அது ஓடவில்லை.

அந்த ஊரில் ஒரு தெருவில் கரண்ட் கம்பி தாழ்வாகத் தொங்கும். மூங்கில் கவைக்கோல் வைத்திருப்பவன் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும்வரை வண்டி நிற்க வேண்டும். நிறுத்தினேன். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் செத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் இருமுகிறதே தவிர பிடிக்கவில்லை. மாரியம்மன் ஒரு வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டாள். அந்த வீட்டாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆத்தா எங்கள் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்று குலவை போட்டுக்கொண்டு ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள். அங்கே சாமி மண்டகப்படி செய்கிறவர்களின் இடங்களில் மட்டும்தான் நிற்கும். முறை இல்லாத வாசலில் தானாக நின்றால் அது வரம்.

அந்த வீட்டாரின் பங்காளி ஒருவர் அதே தெருக்கோடியில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அவர் கத்தினார், "விருந்து தின்னுட்டு வேணும்னே நிறுத்திட்டான்யா!"

நான் அந்த வீட்டில் குடித்தது ஒரு சொம்பு மோர். அதிலும் உப்பு இல்லை.

கெட்ட நேரம், இந்த வருஷம் திருவிழாக் கமிட்டித் தலைவர் அந்தப் பங்காளிதான். போன் செய்தார். "இந்தத் தடவ முறையில்லாத எடத்துல வண்டி அணைஞ்சுச்சு, அத்தோட ஒனக்கு முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் டிராக்டரு." வைத்துவிட்டார். அந்தத் திருவிழாவைப் பார்த்துத்தான் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் என்னைக் கூப்பிடுகின்றன. அது போனால் லாரியை எடைக்குப் போட்டுவிட்டு நான் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

பெரம்பலூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் மச்சினனிடம் போனேன். பெட்ரோலில் காற்றைக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் பழைய கார்புரேட்டரைக் கழற்றி, ஆக்சிலரேட்டரோடு திரும்பும் கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். கிழவன் பல் மாதிரி ஆடியது.

"பாத்தியா மாமா? இந்த ஓட்ட வழியா காத்து இழுக்குது. பெட்ரோலோட அளவுக்கு மீறி காத்து சேந்துட்டா ஐட்லிங் எப்புடி நிக்கும்? நிறுத்துனா அணைஞ்சுதான் போவும்."

"தேஞ்ச எடத்துல புஷ் போட்டுத் தா."

"பாடியே தேஞ்சு போச்சு. எத்தன தடவ புஷ் போடுறது? தூக்கிப் போடு. நான் வாங்கித் தரேன் பாரு ஒண்ணு."

வாங்கினான். புத்தம் புதிது, இரண்டு வாய் உள்ளது, ஒரு சோற்றுப்பானை அளவு. ஆறு சிலிண்டருக்கு இதுதான் தீனி என்றான். வேண்டாமடா என்றேன். தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்கணும் என்றான். சரி, கேட்டேன். அதை மாட்டியதும் அவனையே பின்னால் மேடையில், சாமி நிற்கும் இடத்தில் ஏறி நிற்கச் சொன்னேன். துறையூர் ரோட்டில் முதல் கியரில் நடை வேகத்தில் ஓட்டினேன். ஓட்டினேன் என்பது பொய். கட்டவிழ்த்த கிடா மாதிரி லாரி குதித்தது. ஆக்சிலரேட்டரை எறும்பு மிதித்தாலும் பாய்ச்சல், எடுத்தால் கரும்புகை. மச்சினன் கேபின் மேல் வந்து விழுந்தான்.

"மாமா! நிறுத்து மாமா! அக்காட்ட சொல்லிருவேன்!"

"இப்ப நீதான்டா மாரியாத்தா. ஒனக்கே இந்தக் கதி!"

இறங்கி வந்து முட்டியைத் தடவிக்கொண்டே, "பவர் நல்லாத்தான் இருக்கு" என்றான். இவனை என்ன செய்வது?

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நடை வேகத்தில் போகும் பெரிய இன்ஜினும் ரோட்டில் ஓடும் சின்ன இன்ஜினும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மூச்சு வாங்கும். அகலமான வாயில் அந்தக் கொஞ்சக் காற்று மந்தமாக நுழையும், பெட்ரோலை ஒழுங்காக இழுக்காது. ஒடுக்கமான வாயில் விருட்டென்று நுழைந்து இழுத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது சின்ன காரின் கார்புரேட்டர். சொன்னதும் மச்சினன் சிரித்தான்.

"யானைக்குப் பூன மூக்கு வைக்கச் சொல்றியா?"

"யானை ஓடப்போறதில்லடா. நடக்கத்தான் போவுது."

லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் இருக்கிறார். சவூதியில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, பழைய அம்பாசிடர் ஒன்றை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிறார். அதில் டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டதால் பழைய பெட்ரோல் கார்புரேட்டர் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். லுங்கித் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். பீரோவில்!

"எதுக்கு தம்பி இது?"

"சாமி சப்பர வண்டிக்கு பாய்."

"அட, நம்ம சந்தனக்கூட்டுக்கு வந்த வண்டியா? எடுத்துட்டுப் போங்க. மாஷா அல்லாஹ், என்ன லைட்டு! ஆனா ரொம்ப இருமிச்சே?"

கம்பியை ஆட்டிப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டுவதுதான் பாடு. லாரியின் போல்ட் துளைகள் அகலம், இதன் துளைகள் குறுகல். நடுவில் ஒரு தட்டு வேண்டும். லேத்தில் அலுமினியத்தில் செய்யலாம் என்றான் மச்சினன். கூடாது என்றேன். ஊர்வலத்தில் வண்டிக்குக் காற்றே படாது, இன்ஜின் சூடு அலுமினியம் வழியாக ஏறி கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்துவிடும். சூடு கடத்தாத கனமான பேக்கலைட் பலகையில் வெட்டச் சொன்னேன். துளை ஓரத்தில் படி மாதிரி நிற்காமல் அரத்தால் ராவிச் சரிவாக்கினோம். மேலும் கீழும் கேஸ்கட். ஆக்சிலரேட்டர் கம்பிக்குப் பழைய சைக்கிள் பிரேக் கம்பி.

ஸ்டார்ட் செய்தால் பிடித்தது, ஆனால் நொண்டியது. எங்கோ காற்று இழுக்கிறது. மச்சினன் இணைப்பைச் சுற்றிக் கிரீஸை அப்பிக்கொண்டே வந்தான். ஒரு மூலையில் அப்பியதும் சத்தம் சட்டென்று சீரானது. அங்கே போல்ட் சரியாக உட்காரவில்லை. இறுக்கினான். மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஜெட்டின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினான். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு, ஐட்லிங் திருகைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். அதில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் நீளம்.

"மாமா, செத்துடுச்சா ஓடுதான்னே தெரியல" என்றான்.

"அதான் வேணும்."

வேகம் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. திருவிழாவுக்குப் போகிற வழியில் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. அதே தெரு. அதே கம்பி. கவைக்கோல்காரன் கையைக் காட்டினான். கிளட்சை மிதித்து நிறுத்தினேன், அதே வீட்டு வாசலில். தவில்காரர் அந்த நேரம் பார்த்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவே அமைதி. இன்ஜின் ஓடுவது எனக்கு மட்டும் இருக்கையில் தெரிந்தது.

"ஆத்தா நின்னுட்டா டோய்!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். உடனே குலவை. தட்டு வந்துவிட்டது.

கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "யோவ்! மறுபடியும் அணைச்சுட்டியா? நீ எறங்குய்யா மொதல்ல!"

"அணையல தலைவரே. ஓடுது."

"யாருகிட்ட கத வுடுற? சத்தத்தையே காணும்!"

எனக்கு வந்த கோபத்துக்கு ஹாரனை அடித்திருப்பேன், சாமி வண்டியாகப் போய்விட்டது. "பானெட்டுல கைய வைங்க" என்றேன்.

முறைத்துக்கொண்டே வைத்தார். கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். முகம் மாறியது. ஆனாலும் மனுஷன் விடவில்லை. கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "கடைசிவரைக்கும் இங்கனதான் இருப்பேன். எங்கயாச்சும் நிறுத்து, பாத்துக்கிறேன்." கம்பி மேலே போனது. வண்டி குலுங்காமல் நகர்ந்தது. ஆரத்திக்காரர்கள் பாதியில் தட்டோடு நின்றார்கள்.

தெருக்கோடி வந்தது. அங்கே வாசல் முழுக்கக் கோலம். தலைவரின் சம்சாரம் சூடம் ஏற்றிய தட்டோடு நின்றார். தலைவர் கனைத்தார்.

"லேசா... ஒரு நிமிஷம்..."

"முறை இல்லாத எடத்துல நிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"சொன்னேன்தான். அதுக்காவ?"

"நிறுத்துனா அடுத்த வருஷம் டிராக்டருன்னீங்களே."

"டிராக்டர் பேச்ச வுடுய்யா. அடுத்த வருஷமும் ஒன் வண்டிதான். இப்ப நிறுத்து."

வெளியே அந்த அம்மாள், "ஏங்க, கல்லு மாதிரி உக்காந்துருக்கீங்களே! சொல்லுங்க அவருகிட்ட!" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. தலைவர் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து வண்டியோடு சேர்ந்து அந்த அம்மாளே நடக்க ஆரம்பித்தார். வண்டியும் அவர் நடைக்குக் கூடாமல் குறையாமல் போனது. நடந்துகொண்டே தட்டைச் சுற்றினார், ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சூடம் அணையவில்லை. தலைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.