படம் வரும்வரை

மின்சாரம் போனால் அந்தத் தையல் கூடத்தில் மற்றவர்கள் விசிறிக்கொள்ள ஓர் அட்டையைத் தேடுவார்கள். அவள் மட்டும் செருப்பைத் தேடுவாள். கூட வேலை செய்கிற பெண்களுக்கு இது தீராத வேடிக்கை. பொத்தான் தைக்கிறவள் ஒருநாள், "அக்கா வீட்டுல டிவி பசிக்கு அழுவுமாம், பால் கொடுக்கப் போறாங்க" என்று சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவளுக்கு 'டிவியம்மா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் ஓடுவாள். பயந்துகொண்டு ஓடுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வீடு பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. கூடத்துக்கும் வீட்டுக்கும் ஒரே மின்கம்பியிலிருந்து இணைப்பு. இங்கே மெஷின் நின்றால் அங்கே டிவி அணைந்துவிட்டது என்று பொருள். அணைந்த டிவிக்கு முன்னால் அவள் கணவர் உட்கார்ந்திருப்பார். மின்சாரம் திரும்பி வருவதற்குள் அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அவர் ஒரு காலத்தில் உயரமான கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்துகொண்டு, கீழே மனிதர்கள் எறும்பாக ஊர்வதைப் பார்த்தபடி பாட்டுப் பாடுவாராம். பிறகு காதுக்குள் ஏதோ கோளாறு வந்தது. அண்ணாந்து பார்த்தால் போதும், பூமி சுழலும். இனி ஸ்டூல் மேல்கூட ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அந்த டாக்டர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற ஆளு. அவரு எனக்கு உயரத்தப் பத்திச் சொல்றாரு" என்று இவர் சிரித்தார். ஆனால் அதன் பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கயிறும் பலகையும் யாருக்கோ போய்விட்டன. அவருக்கு மிச்சமிருந்தது ஒரு நாற்காலியும் டிவியும்தான்.

அப்படியிருக்க ஒரு மழை நாளில், மின்சாரம் போய்த் திரும்பியதும் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. காற்றில் டிஷ் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பின்பக்க இரும்பு ஏணியில் ஏறி மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. டிஷ் நிற்பதோ அதன் ஓரத்து மூலையில். ஏணியின் அடியில் நின்று நிமிர்ந்தவள் கண்ட காட்சி இன்றுவரை அவள் கனவில் வருகிறது. அவர் உடல் மெல்லப் பின்னால் சாய்ந்தது. கை காற்றைப் பிடித்தது. எந்தத் தெய்வம் காப்பாற்றியதோ, கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வியர்த்து, முகம் வெளிறிக் கீழே வந்தவர், "கால் வழுக்கிருச்சு" என்றார். உள்ளே வந்தால் திரையில் பளிச்சென்று படம். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, ஒரே தட்டு. இன்னும் நம்ம கை மறக்கல."

டிஷ் மெக்கானிக்கிடம் அவள் ரகசியமாக விசாரித்தாள். டிஷ் இம்மிகூட அசையவில்லையாம். மின்சாரம் வந்ததும் டிவியோடு இணைத்திருக்கும் செட்-டாப் பெட்டி முதலில் விழித்துக்கொண்டு, பிறகு சிக்னலைத் தேடுமாம்; அதுவரை அப்படித்தான் எழுத்து வரும், கொஞ்சம் பொறுத்தால் படம் தானாக வந்துவிடும் என்றான் அவன். மின்சாரம் வந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறிப் பெட்டி கருகிப்போகலாம், அதனால் போனதுமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்த பிறகும் சற்று நேரம் கழித்துத்தான் மாட்ட வேண்டும், இடி இடித்தால் டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் கழற்றி வைக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தான்.

இதையெல்லாம் அவள் கணவரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வாய் வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் பார்க்கிறவர்களிடமெல்லாம், எதிர்வீட்டு டிரைவரிடம் தொடங்கிப் பால்காரர் வரைக்கும், ஒரே தட்டில் டிவியைச் சரிசெய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை போய், கயிறு போய், கடைசியாகக் கிடைத்த ஒரு சின்ன வெற்றி. அதையும் எப்படிப் பிடுங்குவாள்?

எனவே அவள் வேறு வழி செய்தாள். அந்த எழுத்தை அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தாள். பெட்டி கருகிவிடும் என்று பயமுறுத்தி, பிளக்கைத் தன்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டாள். மின்சாரம் போனதும் ஓடி வருவாள், பிடுங்குவாள். திரும்பி வந்ததும் பெட்டிக்கு மட்டும் உயிர் கொடுத்து, டிவியை அணைத்தே வைத்திருப்பாள். பெட்டியின் முகத்தில் சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை அவருக்கு முன்னால் நின்று ஏதாவது பேசுவாள். பச்சை வந்ததும் டிவியைப் போடுவாள். போட்டவுடனே படம். "உனக்குக் கைராசி" என்பார் அவர். வருடக்கணக்கில் இப்படியே ஓடியது.

அன்று கூடத்துக்குப் புதிதாக ஒரு ஜெனரேட்டர் வந்து இறங்கியது. பள்ளிச் சீருடைகள் மாலைக்குள் போயாக வேண்டும். பகலில் மின்சாரம் போனதும் அவள் வழக்கம்போல் எழுந்தாள். அதற்குள் பின்கட்டில் ஜெனரேட்டர் இருமி, உறுமி, மெஷின்கள் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டன. கட்டிங் மாஸ்டர் கத்தரியை உயர்த்தி அவளை மறித்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட? இனி கரெண்ட் போனாலும் நமக்கு லீவு கெடையாது. டிவிக்கு இன்னைக்கு ஒரு நாள் நீயில்லாம இருக்கப் பழகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள். கணவருக்குப் போன் செய்து, மின்சாரம் வந்தாலும் தொடாதீர்கள், நான் வந்து போடுகிறேன் என்றாள். முக்கியமான மேட்ச் என்று அவர் முனகினார். சரி என்றாரா என்பது ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முன்பெல்லாம் மெஷின் உயிர் பெற்றால் தெருவுக்கே மின்சாரம் வந்துவிட்டது என்று தெரியும். இப்போது கூடம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மின்சாரம் வந்துவிட்டதா, இல்லையா, எதுவும் தெரியவில்லை. ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

தண்ணீர் பிடித்துவரப் போயிருந்த பொத்தான்காரி திரும்பி வந்து, "கடைத்தெருவுல கரெண்ட் வந்து ரொம்ப நேரமாச்சு. இங்க எதுக்கு இன்னும் இத ஓட்டுறாங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

அவள் போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. மறுபடி அடித்தாள். மாஸ்டர் ஏதோ கேட்டார். அவள் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடினாள்.

வானம் கறுத்திருந்தது. காற்றில் காகிதங்கள் சுருண்டு பறந்தன. ஓடும்போதே காதைத் தீட்டி, ஏதாவது கூட்டம் கூடிய சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். யாரும் கூடவில்லை. அதுவே பெரிய பயமாக இருந்தது. யாரும் பார்க்காமலே விழுந்து கிடந்தால்?

வாசல் கதவு திறந்திருந்தது. நாற்காலி காலி. அதன் கைப்பிடியில் போன், அவள் அழைத்த கணக்கைக் காட்டி மின்னிக்கொண்டிருந்தது. பெட்டியின் பிளக் மாட்டியிருந்தது. டிவி திரையில், இத்தனை வருடம் அவள் மறைத்து வைத்த அந்த இரண்டு சொற்கள்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

அந்த நேரத்தில் திரை பளிச்சிட்டது. படம் வந்துவிட்டது. பச்சை மைதானம், கைதட்டல், வர்ணனையாளரின் கூச்சல், எல்லாம் ஆளில்லாத அறையில். மறுகணம் படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்தது. திரும்ப வந்தது. திரும்ப உடைந்தது. இப்படி அந்தப் பெட்டி ஒருநாளும் செய்ததில்லை. எதனால் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலே டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் தொங்குகிறான். அவன் அசையும்போதெல்லாம் படம் உடைகிறது.

அவள் அந்த ஏணியில் ஒருநாளும் ஏறியதில்லை. இன்று எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தலை மாடிக்கு மேலே எழும்பியதும் அவரைக் கண்டாள். மூலையில், விளிம்பை ஒட்டி மண்டியிட்டு, டிஷ்ஷின் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு கால் விளிம்புக்கு வெளியே கிடந்தது. கம்பத்தின் அடியில் ஒரு போல்ட் கழன்று ஆடியது.

"வராத" என்றார் கண் திறக்காமலே. "எல்லாம் சுத்துது. நீ வராத."

அவள் வயிற்றால் ஊர்ந்து போனாள். சிமென்ட் முழங்கையைத் தேய்த்தது. எட்டி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விடுங்க. என் பக்கமா சாயுங்க."

"இரு. இன்னும் கொஞ்சம் திருப்பினா சரியாயிடும். அன்னைக்கு ஒரே தட்டுல வந்துச்சே."

கம்பம் கிறீச்சிட்டது. அவர் பிடி இறுகியது. உயிர் போகிற நேரத்திலும் அந்த வெற்றியை அவர் விடுவதாக இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருடம் காத்தாளோ, அதைத் தவிர அந்தக் கையை விடுவிக்க வேறு வார்த்தை இல்லை.

"படம் வந்துடுச்சுங்க. நான் உள்ள பார்த்துட்டுத்தான் வர்றேன். அது தானா வரும். கரெண்ட் வந்தா கொஞ்ச நேரம் தேடிட்டு, எப்பவுமே தானாத்தான் வரும்."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்போ அன்னைக்கு?"

"அன்னைக்கும் தானாத்தான் வந்துச்சு."

முதல் மழைத்துளி விழுந்தது. அவர் அவளையே பார்த்தார். கம்பத்தைக் கட்டியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் பக்கமாகச் சரிந்தார். அவரை அணைத்தபடியே விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்தாள். எதிர்வீட்டு டிரைவர் அவர்களைக் கண்டு ஓடி வந்தார். ஏணியில் ஏறி நின்று, அவருடைய பாதங்களை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்துக் கீழே இறக்கினார். "அண்ணே, இனிமே படம் தெரியலைன்னா என் வீட்டுக்கு வாங்க. என் பொண்டாட்டி விடமாட்டா, ஆனா வாங்க" என்று டிரைவர் சொன்ன பேச்சுக்கு இருவராலும் சிரிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் டிவியைப் போடச் சொல்லவில்லை. இருட்டத் தொடங்கியபோது, ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்றாள். அவர் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, முழுவதையும் சொல்லிக்கொடு என்றார். பிளக்கை எப்போது பிடுங்குவது, எப்போது மாட்டுவது, எந்த விளக்கு எந்த நிறமாகும், இடி நேரத்தில் எந்த வயரைக் கழற்றுவது, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தன் கையாலேயே கழற்றி மாட்டிப் பார்த்தார். தினமும் ஓடிவர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். படம் வந்ததும் ஒரு போன் செய்யுங்கள் என்று கெஞ்சினாள்.

"ஒவ்வொரு தடவையும் போன் பண்ண நான் என்ன சின்னப் புள்ளையா? வரலைன்னா பண்றேன். வந்துட்டா பண்ண மாட்டேன்."

அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. சம்மதித்தாள்.

மெக்கானிக் வந்து டிஷ்ஷை மாடி மூலையிலிருந்து எடுத்துக் கீழே கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் பொருத்திவிட்டுப் போனான். ஏணியை டிரைவர் கழற்றி எடுத்துப் போனார். இனி பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஜெனரேட்டர் உறுமியது. மாஸ்டர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. போனை மெஷின் பலகையின் மேல், ஊசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அது அடித்தால் படம் வரவில்லை என்று பொருள். அடிக்காவிட்டால் படம் வந்துவிட்டது. அல்லது, அடிக்க முடியாத இடத்தில் அவர் இருக்கிறார். டிஷ்தான் கீழே வந்துவிட்டதே, ஏணியும் இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவர் ஏணியில்லாமல் ஏறிய கட்டடங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

போன் அடிக்கவில்லை. அவள் அடுத்த காலரை எடுத்து, சரியான பக்கம்தானா என்று இரண்டு முறை பார்த்து, ஊசிக்கு அடியில் வைத்தாள்.