சுவரைப் பார்த்த துப்பாக்கி

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நம்பாமலே படியுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இது ரெங்கம் என்ற சிற்றூரில் குணாளனுக்கு நிஜமாக நடந்தது. போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் அன்று அந்தப் பட்டறையில் இருந்திருக்க வேண்டும்.

குணாளன் இரும்பு வேலைக்காரன். கேட், கிரில், பழைய சாமான் எதைக் கொடுத்தாலும் பற்றவைத்துத் தருவான். அவன் மனைவி வாசுகி அதே பட்டறையின் வாசலில் உட்கார்ந்து பை, பெல்ட், மோட்டார் சைக்கிள் சீட் தைப்பாள். அன்று காலை லாபிஸ் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நவ்சாத் ஒரு நீளப் பொட்டலத்தோடு வந்தார். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கிக்கொண்டிருந்தார் அவர். பொட்டலத்துக்குள் ஒரு துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கும் அந்தக் காலத்துச் சாமான்.

"ஹால்ல மாட்டணும் குணா. ரெண்டு வளையம் வச்சு தோள்வார் போட்டுக் குடு. போலீஸ் பேப்பர்லாம் ஓக்கே லா."

"உள்ள மருந்து கிருந்து இல்லையே பாய்?"

"அறுபது வருஷமா ஸ்டோர்ல கெடந்தது. செத்த பாம்பு."

இருந்தாலும் குணாளன் பார்த்தான். இந்த மாதிரி இரண்டு துப்பாக்கிகளுக்கு ஏற்கெனவே வளையம் வைத்திருக்கிறான். கோலும் குழலும் ஒரே நீளம் இருக்கும். உள்ளே மருந்து கிடந்தால் கோல் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கோலை உள்ளே விட்டபோது குழலின் வாயோடு சரியாக நின்றது. காலி என்று முடிவு கட்டிவிட்டான்.

முன்வளையத்தைக் கட்டையில் துளை போட்டு மாட்டியாயிற்று. பின்வளையம் விசையைச் சுற்றியிருக்கும் பித்தளைக் காப்பில் வரவேண்டும். காப்பைக் கழற்றித் தனியே பற்றவைப்பதுதான் முறை. திருகாணிகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. சரி, அப்படியே சூடு காட்டிவிடலாம் என்று சோம்பல்பட்டான். துப்பாக்கியை மேசைமேல் இருந்த வைஸ் பிடிப்பானில் இறுக்கினான். கட்டை கருகாமலிருக்க ஈரத்துணி சுற்றினான். குழலின் வாய் வாசலைப் பார்த்திருந்தது. அப்படி வைத்தால்தான் வலக்கையில் கேஸ் டார்ச்சைப் பிடித்துச் சூடு காட்ட வரும்.

வாசலில் வாசுகி. குழலுக்கு நேர் எதிரே, தோள்வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மணி 2:40. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று ஒரே இரைச்சல். குணாளன் பின்பக்கம் போய் கேஸ் சிலிண்டரைத் திறந்துவிட்டு வந்தான்.

துப்பாக்கி திரும்பியிருந்தது. வாய் இப்போது சுவரைப் பார்த்தது. வைஸ் இறுக்கமாகத்தான் இருந்தது.

"வாசு, நீ திருப்புனியா?"

"நான் எந்திரிக்கவே இல்லங்க."

தேநீர் குடிக்காததால் மண்டை மழுங்கிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டான். திருப்பி வைத்து, முன்பைவிடப் பலமாக இறுக்கினான்.

2:52. கரண்ட் போனது. லைட்டரைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தான்.

க்ரீச்... க்ரீச்...

வைஸ் திருகும் சத்தம். தலைக்கு மேலே. நிமிர்ந்து பார்த்தான்.

மறுபடியும் வாய் சுவர் பக்கம். இப்படி வைத்தால் இடக்கையால்தான் வேலை செய்ய முடியும். யார் இப்படி வைப்பார்கள்?

"ஏங்க... இங்க பாருங்களேன்."

வாசுகி வாசலிலிருந்து கூப்பிட்டாள். தோள்வாரை நீட்டினாள். ஒரு முனையைத்தான் அவள் தைத்திருந்தாள். மறுமுனையும் தைத்து முடிந்திருந்தது. அதில் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடியது.

"அலமாக்... அய்யோ, மடியிலதாங்க இருந்துச்சு..."

குணாளன் தோள்வாரைப் பிடுங்கி மேசையில் போட்டான். பயந்தால் அவனுக்குக் கோபம் வரும். துப்பாக்கியை மூன்றாம் தடவையாக வாசலைப் பார்க்க வைத்தான்.

3:05. டார்ச்சைப் பற்றவைத்தான். நீல நெருப்பைக் காப்பின் அருகே கொண்டுபோனான்.

நெருப்பு வளைந்தது. காற்றே இல்லை...

அணைந்தது.

ணங்!

சுவரில் சாத்தியிருந்த கோல் கீழே விழுந்தது. உருண்டு வந்து அவன் கால் பெருவிரலில் முட்டி நின்றது.

எடுத்தான். அப்போதுதான் நுனியைக் கவனித்தான். ரம்பத்தால் அறுத்த வெட்டு.

கோலைக் குழலின் வெளிப்பக்கம் வைத்து அளந்தான்.

நான்கு விரல் குறைந்தது.

அப்படியென்றால் குழலுக்குள் நான்கு விரல் மருந்து...

"வாசு, எந்திரி அங்கேருந்து."

"ஏன்?"

"எந்திரிடி!"

குழலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொக்கிக் கம்பி விட்டுக் குடைந்தான். கருப்புச் சேறாக மருந்து வந்தது. கடைசியில் ஒரு ஈயக்குண்டு உருண்டு விழுந்தது. மருந்துக்கு நெருப்பு போகும் துளை, அவன் டார்ச் காட்டவிருந்த இடத்துக்கு மூன்று விரல் மேலேதான் இருந்தது. அன்று மாலை முழுக்க வாசுகியின் கையை அவன் விடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து நவ்சாத் போன் செய்தார். பங்களாவுக்குப் பின்னால் குடியிருக்கும் பேச்சியம்மாளை விசாரித்திருக்கிறார். அந்தக் காலத்தில் அந்த எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் எடுத்தவர்.

"அது வாட்ச்மேன் துப்பாக்கியாம் குணா. நுனி முறிஞ்சிருச்சுன்னு கோல அறுத்துட்டாரு. அப்புறம் அதே கோல விட்டுப் பாத்து, காலின்னு நெனச்சு, வளையத்துக்குச் சூடு காட்டியிருக்காரு. வெடிச்சிருச்சு. எதிர்ல அவரு சம்சாரம் ராசம்மா உக்காந்திருந்துச்சு."

"எதிர்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க பாய்?"

"தோள்வார் தைச்சிட்டு இருந்துச்சாம். அந்த ஆளு வளையத்தெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, தன்னைச் சுட்டுக்கத் திரும்ப மருந்து கெட்டிச்சிருக்காரு. மனசு வரல. அப்படியே ஸ்டோர்ல போட்டுட்டு ஊர விட்டே போயிட்டாராம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாசுகிதான் போனை வாங்கினாள்.

"பாய்... அந்தம்மா தைக்கிறதப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க லா. அந்தப் பக்கத்துல அப்படித் தைக்க ஆளே இல்லையாம். ஆனா..."

"ஆனா?"

"நொட்டாங்கைக்காரியாம். இடது கையாலதான் தைக்குமாம்."

பின்வளையம் வைக்காமலே துப்பாக்கி நவ்சாத்திடம் திரும்பிப் போய்விட்டது. தோள்வார் மட்டும் பட்டறை வாசலில் தொங்குகிறது. அந்த மறுமுனைத் தையலை வாசுகி இன்றுவரை பிரிக்கவில்லை.