சந்தனம் வைத்த போர்டு

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டு சாய்ந்து நிற்கிறது. அது ஒரு கம்ப்யூட்டர். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, மூடி கூடக் கிடையாது; வெறும் போர்டுதான். அதன் நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லின் மேல் காய்ந்து வெடித்துப்போன சந்தனப் பொட்டு, அதற்குள் மங்கிய குங்குமம். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கும்பிட்டு முடித்துவிட்டு, "இது என்ன சாமிங்க?" என்று மெதுவாகக் கேட்பார்கள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். நான்தான் பதில் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அதைக் கொண்டுவந்தவர் என் தங்கச்சி மாப்பிள்ளை. அவருக்கும் எனக்கும் ஒரே வயது. ஜொகூர் பாருவில் குடியிருந்து, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை செய்தவர். நான் இங்கே சிகாமட்டில் தொழிற்சாலை ஸ்டோர்கீப்பர். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு, இங்கே மூன்றாம் படிவம் என்பார்கள், நின்றுவிட்டது. வந்த சாமானை எண்ணி அலமாரியில் வைப்பது என் வேலை, கெட்ட சாமானைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை என்று எங்கள் இருவரைப் பற்றியும் தங்கச்சி சொல்லுவாள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவர்கள் இங்கே வந்துவிடுவார்கள். அவர் வந்தால் வீட்டில் ஏதாவது ஒன்றைத் திறந்து போட்டுவிடுவார். மின்விசிறி, ரேடியோ, ஒரு தடவை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர்.

ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலின் சாவி என்னிடம்தான் இருக்கும். இடுப்பில் வெள்ளி அரைஞாணோடு சேர்த்து மாட்டிக்கொள்வேன். கோயிலுக்குப் பின்னால் படி இறங்கினால் ஆறு. ஒரு வருடம் தை மாதம், உடம்பு முடியாத உறவினர் ஒருவரைப் பார்க்க மூவார் போயிருந்தேன். நான் போன நேரம் இங்கே ஆறு ஏறிவிட்டது. சாலை மூடிவிட்டதால் இரண்டு நாள் திரும்ப முடியவில்லை. சாவி என் இடுப்பிலேயே இருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, உற்சவ அம்மன் கழுத்து வரைக்கும் சேற்றில் நின்றாள். மரத்தில் செய்த சிங்க வாகனம் மிதந்து, விட்டத்தில் முட்டி, முன்கால் ஒன்று ஒடிந்து குப்புறக் கிடந்தது. வயிறு ஊதி வெடித்திருந்தது. அம்மனின் முகத்தை என் துண்டால் துடைத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மூவாரில் நாற்காலி, மேசை செய்யும் ஆசாரி ஒருவர் புதுச் சிங்கம் செய்து கொடுத்தார். முதல் சிங்கத்தைவிட அழகு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான் வந்தது. அடுத்த மழைக்கு நான் எங்கே இருப்பேனோ என்று.

இதை மாப்பிள்ளையிடம் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதம் வரும்போது பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி அந்தப் பச்சை போர்டைக் கொண்டுவந்தார்.

"மச்சான், சாவி உங்க இடுப்புல இருக்கட்டும். நீங்க எங்க வேணும்னாலும் போங்க. ஆறு ஏறுனா ஆறே உங்களுக்கு மிஸ்டு கால் குடுக்கும்."

"ஆறு மிஸ்டு கால் குடுக்குமா? காசு போட்டுப் பேசாதா?"

"நம்ம ஆளுங்க ஊரு ஆறுலா. மிஸ்டு கால்தான் குடுக்கும்."

எனக்குச் சாமானை எண்ணிப் பார்க்காமல் கைக்குள் எடுக்க முடியாது. போர்டின் ஓரத்தில் நிற்கும் ஊசிகளை எண்ணினேன், இருபத்தாறு. செருகுவதற்குச் சதுரமான வாய் இரண்டு. பழைய டிவிக்குச் செருகும் மஞ்சள் நிற உருண்டை வாய் ஒன்று. கேமராவில் போடுவது போல ஒரு பெரிய கார்டு. மூளை ஒன்றுதான் என்றார். போன் சார்ஜர் மின்சாரமே அதற்குப் போதும். பிறகு, "ஐந்நூத்துப் பன்னெண்டு ராம்" என்றார்.

"என்னது?"

"ராம், மச்சான். வேலை செய்யறப்ப எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சுக்கறது அதுதான். ராம் இல்லாம எந்தக் கம்ப்யூட்டரும் ஓடாது."

வெள்ளைக்காரன் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தானோ, எனக்குப் பிடித்துவிட்டது. ராம் இல்லாமல் எதுவும் ஓடாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே என்றேன். அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை செய்தார். ஆற்றுப் படிக்குப் பக்கத்துத் தூணில், கண் போல இரண்டு வட்டம் வைத்த சின்னக் கருவியைத் தண்ணீரைப் பார்த்து மாட்டினார். அது வவ்வால் மாதிரி சத்தம் அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லுமாம். கோயில் அலுவலக அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போர்டு. இரண்டு வாயில் ஒன்றில் சிம் கார்டு போட்ட குச்சி. அந்த நம்பரை என் போனில் அவரே 'கங்கா' என்று பதிந்து கொடுத்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கருவியின் கண்ணுக்குக் கீழே தூக்கிப் பிடித்தோம். என் சட்டைப் பையில் போன் அடித்தது. நான் ஆற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த வருட ஆயுத பூசையில்தான் என் கை சும்மா இருக்கவில்லை. காலையில் தொழிற்சாலை ஸ்டோரில் தராசு, தள்ளுவண்டி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தேன். அங்கே அரிவாள், ஒலிபெருக்கி, மணி. கடைசியாக டப்பா. இத்தனை உழைக்கும் பொருளுக்கு மூடிமேல் பொட்டு வைத்தால் அது டப்பாவுக்குப் போகுமே தவிர போர்டுக்குப் போகாது என்று பட்டது. திறந்தேன். ஊசிகளின் குறுக்கே விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டேன். கறுப்புச் சில்லின் மேல் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக வைத்து அழுத்தினேன். எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அப்படியே அணைந்தது. சூடம் காட்டி முடித்தும் அது எரியவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். இன்று எரியும், நாளை எரியும் என்று தினமும் போய்ப் பார்த்தேன். எரியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மழைக்கும் நானே ஓடிப்போய்ப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். மூன்று வாரம் இப்படிப் போனது. அம்மன் முகத்தில் சேறு இருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றதால், தீபாவளிக்கு அவர் வந்தபோது போர்டைக் கையில் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "நல்ல சந்தனம்" என்றார். பிறகு முகத்தை ரொம்பத் துக்கமாக வைத்துக்கொண்டு, "போச்சு மச்சான்" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது. தூக்கிப் போட மனசு வரவில்லை, சாமி அலமாரியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வைங்க, வைங்க. ஒன்னு மட்டும் செய்யுங்க. அந்தச் சந்தனத்தத் தொடச்சிராதீங்க" என்றார். பக்தியில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் புதுப் போர்டு வந்தது. அதே அளவுதான், ஆனால் ஊசி நாற்பது. செருகும் வாய் நான்கு. மஞ்சள் உருண்டை வாயைக் காணோம். கார்டு நகத்தளவுக்குச் சின்னதாகிவிட்டது. "முழு ஒரு ஜிபி ராம். மூளை நாலு" என்றார். நாலு தலை என்றால் பிரம்மாவா என்று கேட்டேன். "ஆமா, அவருக்கும் நீங்க கோயில் கட்டிராதீங்க. பொட்டு வைக்கணும்னா டப்பாமேல வைங்க" என்றார்.

தை பிறந்ததும் யோங் பெங்கில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். அங்கே நல்ல வெயில். என் போன் மனைவியின் கைப்பையில் இருந்தது. தாலி கட்டியாயிற்று, பந்தியில் உட்கார்ந்தோம். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. பாயாசம் வேண்டுமா என்று கேட்டேன், இலையை மூடினாள். கை கழுவும் இடத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யாருங்க அந்தக் கங்கா?"

"என்ன?"

"தாலி கட்டறப்ப ஒரு தடவ, சாப்பிடறப்ப மூணு தடவ. எடுத்தா வச்சிடறா. என் குரலக் கேட்டா பேச மாட்டாளாமா?"

"அது ஆறு" என்றேன்.

"ஆறு பேரா?"

ஈரக் கையோடு காருக்கு ஓடினேன். அவளும் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். ஒரு மணி நேரப் பாதை. வழியில் கோயில் தலைவருக்குப் போன் செய்து லாரிக்குச் சொன்னேன். ஆறு மிஸ்டு கால் கொடுக்கும் என்று உன்னிடம் அன்றே சொன்னேனே என்றேன். "ஆறுன்னு சொன்னீங்க, கங்கான்னு சொன்னீங்களா?" என்றாள். அவள் பையில் போன் மறுபடி அடித்தது. "வந்துக்கிட்டே இருக்கோம்மா" என்று அவளே அதற்குச் சொன்னாள்.

சிகாமட்டிலும் வெயில்தான். மழை மேலே எங்கோ பெய்திருக்கிறது. ஆனால் படிகள் பாதி முழுகி, தண்ணீர் பால் டீ நிறத்தில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். அம்மனை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆறு பேர் சேர்ந்து சிங்கத்தை லாரியில் ஏற்றினார்கள். என் மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு பேர்தான், நீங்க சொன்னது சரி" என்றாள். சாயங்காலத்துக்குள் கோயிலுக்குள் முழங்கால் தண்ணீர். மேட்டில் நின்ற லாரியில், நெற்றிப் பொட்டுக் கூடக் கலையாமல், சிங்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அழுதேன். "அழாதீங்க மச்சான், போர்டு நனஞ்சிருச்சா?" என்று கேட்டார் அவர்.

நனையவில்லை. டப்பாவை உயரத்தில்தான் மாட்டியிருந்தார். ஆனாலும் கொஞ்ச காலம் கழித்து மாற்றினார். மூன்றாவது போர்டுக்கு வைஃபை உள்ளேயே இருந்தது. நான்காவது நாலு ஜிபி ராம். அது கொதித்தது, அதற்கு ஒரு குட்டி விசிறி வேண்டியிருந்தது. அம்மனுக்குக் கூட அப்போது கருவறையில் விசிறி கிடையாது என்றேன்; அதையும் மாட்டிக்கொடுத்தார். ஐந்தாவது எட்டு ஜிபி. அதில்தான் முதன்முதலாக அணைப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. இத்தனை வருடமாக ஒரு சுவிட்ச் வைக்கவா இவர்களுக்குத் தெரியவில்லை என்று கேட்டேன். இப்போது ஆற்றின் படமும் வருகிறது, ஏற்ற இறக்கம் கோடு கோடாக வருகிறது. மிஸ்டு கால் வருவதை மட்டும் நிறுத்தக் கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு தடவை கேட்டேன். "மாப்பிள்ளை, ஆறு அதே ஆறுதானே. அதுக்கு எதுக்கு எட்டு ராம்?"

"இன்னும் நல்லாப் பாக்கும் மச்சான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

அதன் காரணம் போன தீபாவளிக்குத்தான் தெரிந்தது. பலகாரத் தட்டை எடுத்துவந்த தங்கச்சி என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சாமி பக்தி இருக்க வேண்டியதுதான். ஆனா எத்தன போர்டுக்குத்தான் சந்தனம் வைப்பீங்க?"

"எத்தன போர்டா?"

"இதோட நாலு. ஒவ்வொரு தடவயும் பாவம், இவரு புதுசு வாங்கிட்டு வராரு. 'உன் அண்ணன் மறுபடியும் வச்சிட்டாரு, என்ன செய்ய'ன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். வாய் நிறைய முறுக்கு. மேலே ஓடும் மின்விசிறியை, அதை இன்றுதான் கண்டுபிடித்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து பாத்திரம் உருளும் சத்தம் வந்தது. நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. கோயில் சாவி வைத்திருக்கிறவன் நாக்கில் பொய் வரக் கூடாது. ஆனால் லாரிமேல் நின்ற அந்தச் சிங்கம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"கைப்பழக்கம்மா" என்றேன். "இனிமே பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்து நான் சாமி அலமாரி முன் நின்றபோது அவர் பின்னாலேயே வந்தார். முகத்தில் வெட்கம். முதல் போர்டை எடுத்தார்.

"மச்சான், இதயும் சொல்லிடறேன். நீங்க இதக் கொல்லவே இல்ல. இதுக்குள்ள ஒரு ஃபியூஸ் இருக்கு, ஈரம் பட்டுச் சூடானா அணைஞ்சிரும், ஈரம் காஞ்சு ஆறுனதும் சரியாயிரும். நீங்க அத காய விடாமத் தினமும் புதுப் பொட்டு வச்சீங்களா?"

வைத்தேன். அது பிழைக்கட்டும் என்று தினமும் புதுச் சந்தனம்தான் வைத்தேன்.

அவர் தன் போன் சார்ஜரைச் செருகினார். சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. இத்தனை வருடமாக உயிரோடு இருந்ததைத்தான் நான் செத்துப்போனது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டிருக்கிறேன். கோபம் வரும் என்று பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. அவரும் சிரித்தார். பிறகு அறை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான். பதினாறு ராம் வந்திருச்சு."

"அதுக்கு?"

"இன்னும் ஒரே ஒரு தடவ..."

ராமன் பேரைச் சொல்லிக் கேட்கிறவரிடம் நான் எப்படி மாட்டேன் என்பது? விபூதித் தட்டுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் போர்டை மறுபடி நிறுத்தினோம். சார்ஜரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவரும் கேட்கவில்லை. விளக்கின் சுடருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சமும் நின்று எரிந்தது. நான் கூடத்துப் பக்கம் திரும்பி, தங்கச்சி காதில் நன்றாக விழும்படி, சந்தனக் கட்டை எங்கே என்று என் மனைவியிடம் கேட்டேன்.