பச்சைத் தண்ணீர் ஊற்றிய வண்டி

சூடு முதலில் எங்கே ஆரம்பித்தது என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டியிலா, என் உடம்பிலா?

எங்களுடையது பழைய வேன். அந்த மாதிரி வேனில் எஞ்சின் மூக்குப் பக்கம் இருக்காது. ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் எஞ்சின், இறக்கிவைத்தால் அதன்மேல் நாம். வெயில் காலத்தில் ஓட்டினால் மூடிபோட்ட அடுப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சாக்கை நாலாக மடித்துச் சீட்டில் போட்டு, அதன்மேல் ஒரு துண்டை விரித்துத்தான் உட்காருவேன்.

வீட்டுக்காரர் மலேசியாவுக்குப் போகும்போது, வண்டி சும்மா நின்றால் வீணாகிவிடும், ஓட்டிப் பழகு என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எதைத் தொட்டாலும் உடைந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள். எப்படியோ பழகிவிட்டேன். காரைக்குடியில் ஓர் அக்கா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்துகொடுக்கிறார். அதிரசம், தேன்குழல், மணகோலம் எல்லாவற்றையும் டின் டின்னாக ஏற்றிக்கொண்டுபோய் ஊர் ஊராக இறக்குவதுதான் என் வேலை.

அந்தப் பங்குனியில் வண்டிக்குள் லேசாக ஓர் இனிப்பு வாசனை அடித்தது. பலகாரம் ஏற்றுகிற வண்டியில் இனிப்பு வாசனை அடிக்காமல் வேறு என்ன அடிக்கும்? பாகு எங்கோ சிந்தியிருக்கிறது என்று பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாளும் அடித்தது. டின் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். கடைசியில் அக்காவிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

"எம் பலகாரம் ஒழுகுதாக்கும்? ஏத்தா, வண்டியில ஒழுகுற அளவுக்குப் பாகு ஊத்துனா எனக்கு என்னத்த மிஞ்சும்?" என்றார்.

அது பாகு வாசனை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே ஆத்தங்குடியில் பலகாரத்தை இறக்கிவிட்டு வெறும் டின்களோடு திரும்பும்போது, சீட்டுக்கு அடியில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெள்ளையாக ஆவி. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி ஓடினேன். வெடித்துவிடும் என்றுதான் நினைத்தேன். தரைக்கல் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப்பார்த்து, "என்னக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டாம ஓட்டியாந்தீகளா?" என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் செய்ததும் எங்கள் வழக்கமான மெக்கானிக் பைக்கில் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், வாய் ஓயாதவர். வண்டி ஆறும்வரை காத்திருந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஜாடியின் மூடியைத் துணி போட்டுத் திறந்து, மூடியின் ரப்பர் போய்விட்டது என்றார். வேறு மூடி போட்டார். கையோடு கொண்டுவந்த கேனிலிருந்து எதையோ ஊற்றினார். நான் பக்கத்தில் போகவில்லை, வேலியோரமாகவே நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்தபடியேதான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"தெனம் காலையில வண்டி எடுக்குமுன்ன தொறந்து பாருங்கக்கா. கொறைஞ்சிருந்தா பச்சைத் தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் ஊத்திராதீக."

பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணீர். சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது. ஏற்கெனவே கொதிக்கிற எஞ்சினுக்கு யாராவது வெந்நீர் ஊற்றுவார்களா?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "இன்னொரு தடவ இப்புடி வழியில நின்னுச்சுன்னா வித்துருவோம் புள்ள. எஞ்சின் சூட்டுல இறுகிப் பிடிச்சுக்கிச்சுன்னா அப்பறம் காயலான் கடைக்குத்தான் போகும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வண்டி போனால் வருமானம் போகும், அது ஒரு பக்கம். எங்குட்டுப் போறே என்று ஒருவரும் கேட்காமல், சாவியை எடுத்துக்கொண்டு நான்பாட்டுக்குக் கிளம்புகிற காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதை எப்படி அவரிடம் சொல்வது?

அதிலிருந்து வண்டியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்தேன். தினம் காலையில் மூடியைத் திறப்பேன். குறைந்திருக்கும். எங்கள் தெரு போர் தண்ணீரைச் செம்பில் பிடித்து ஊற்றுவேன். மறுநாளும் குறைந்திருக்கும். ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துவைத்தேன். அட்டை காய்ந்தே கிடந்தது. ஊற்றுகிற தண்ணீர் எங்கேதான் போகிறது? எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரே ஒரு ஆறுதல், அந்த இனிப்பு வாசனை நின்றுபோனது. பாதி குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சூடு கூடிவிட்டது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சுக்கு ஏறி, கழுத்து, காது எல்லாம் எரியும். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உடனே வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கிப் பார்ப்பேன். எஞ்சின் எப்போதும்போல இருக்கும். அதற்குள் எனக்கும் ஆறிவிடும். சில நாள் வண்டி நிஜமாகவே அனலாகக் கிடக்கும், எனக்கு ஒன்றும் செய்யாது. எதை எதனோடு சேர்ப்பது?

வண்டி எடுக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். வண்டியைக் காட்டச் சொன்னார்.

"கேமராவத் திருப்பு புள்ள. உம் மூஞ்சிதான் தெரியுது."

"திருப்பிட்டேங்க."

"இப்ப செவரு தெரியுது. கீழ காட்டு. அங்குட்டு இல்ல, இங்குட்டு. சரி, சூடு காட்டுற முள்ளு எங்க நிக்குது?"

"கீழதான் கெடக்கு."

"ஓட்டும்போது?"

"ஓட்டும்போதும் கீழதான்."

"அப்ப வண்டி சூடே ஆகல. ஒனக்குத்தான் மனப்பிராந்தி." கேமராவை என் பக்கம் திருப்பினேன். கொஞ்சநேரம் பார்த்தவர், "ஆமா, ஒம் மூஞ்சி ஏன் இப்புடிச் செவந்துபோயிருக்கு? வேர்த்து ஊத்துது?" என்றார்.

"வண்டிச் சூடுங்க."

"வண்டிதான் காலையிலருந்து நிக்குதே!"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் பலகாரம் ஏற்றப் போனபோது அக்கா அதிரசம் தட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நான் போகவே இல்லை, வாசலில் நின்றபடியே முந்தானையால் விசிறிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தவர், "எத்தன நாளா இருக்கு இது?" என்று கேட்டார்.

"பங்குனியிலருந்துக்கா. மூடிய மாத்தியும் போகல."

"என்னத்த மூடி? நான் வண்டியக் கேக்கலத்தா, ஒன்னையக் கேக்குறேன். மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள் காதில் விழுந்திருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கும் நிக்கிற வயசுல இப்புடித்தான் எரிஞ்சுச்சு. அடுப்புல நின்னு நின்னுதான்னு அடுப்பத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அமத்திப்புட்டு வந்து படுத்தாலும் எரியுது. அடுப்ப அமத்துனப்பறமும் எரிஞ்சா அது அடுப்பு இல்லத்தா."

கேட்டதும் ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது. அப்படியானால் வண்டிக்கு ஒன்றுமே இல்லையா? குறைகிற தண்ணீர்? சரி, அக்கா சொன்ன மாதிரியே பார்ப்போம் என்று, அன்று பலகாரத்தை இறக்கிவிட்டு வந்ததும் எஞ்சினை அமர்த்தி, இறங்காமல் சீட்டிலேயே அசையாமல் உட்கார்ந்தேன். வழக்கமாக வண்டி நின்றதும் குதித்து இறங்குகிறவள் நான். அன்றுதான் கேட்டேன். சீட்டுக்கு அடியில், பின்பக்கமாக, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். உஸ்... நின்றது. மறுபடி, உஸ்.

என்னைச் சோதிக்க உட்கார்ந்தேன். வண்டியல்லவா மாட்டிக்கொண்டது!

நேராக மெக்கானிக்கிடம் போனேன். சத்தத்தைச் சொன்னேன். அவர் டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். வெகுநேரம் தேடினார்.

"ஒழுகுனா பச்சையாத் தடம் இருக்கணுமேக்கா. ஒண்ணையும் காணோம்." மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே செம்மண் குளம் மாதிரி துருத்தண்ணீர். "எதக்கா ஊத்துறீக இதுல?"

"நீங்க சொன்னதத்தான். பச்சைத் தண்ணி."

"எந்தக் கடையில வாங்குனீக?"

"கடையிலயா? எங்க போர்ல புடிச்சது."

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். "பச்சைத் தண்ணின்னா பச்சைக் கலர்ல இருக்கும்லக்கா, எஞ்சினக் குளுர வைக்கிற கூலன்ட்டு! அன்னைக்கு ஊத்துனேனே, பாத்துக்கிட்டுத்தான நின்னீக?"

"நான் எங்க பாத்தேன், வேலிக்குப் பக்கத்துலல்ல நின்னேன். பச்சைத் தண்ணின்னா காய்ச்சாத தண்ணி தம்பி. புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு, பச்சைத் தண்ணி குடுக்காதீகன்னு டாக்டர் சொன்னா, நீங்க பச்சைக் கலரையா தேடுவீக?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் முட்டியது. எஞ்சினை நானே கொன்றுவிட்டேனா?

பச்சையைத் தேடுவதை விட்டுவிட்டு மறுபடி தலையை உள்ளே விட்டார். இந்தத் தடவை சீக்கிரம் கூப்பிட்டார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய், கிளிப் இறுக்கிய இடத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. அதற்குக் கீழே ஓடும் புகைக்குழாய் மேல், செம்பின் அடியில் உப்புப் படிவதைப் போல வெள்ளையாகத் தடம். வண்டி சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் துளித்துளியாக ஒழுகி, கொதிக்கும் புகைக்குழாயில் விழுந்து, தரைக்கு வருமுன் ஆவியாகிப் போயிருக்கிறது. அதனால்தான் அட்டை நனையவில்லை. பங்குனியில் அடித்த இனிப்பு வாசனையும் பாகு இல்லை, ஆவியான கூலன்ட்தான். நான் தண்ணீரை ஊற்றி ஊற்றி அதைக் கரைத்துவிட்டதால்தான் வாசனை நின்றிருக்கிறது. குணமானதென்று நான் சந்தோஷப்பட்டது அதைப் பார்த்துத்தான்!

"ஒங்க போர் தண்ணியில இருக்குற உப்புதான்க்கா எடத்தக் காட்டிக் குடுத்துச்சு. நல்லதா கெட்டதா, எனக்கே வெளங்கல" என்றார்.

குழாயை மாற்றினார். துருத்தண்ணீரை எல்லாம் வடித்து, தெளியும்வரை அலசினார். அலசும்போது இன்னொன்றும் தெரிந்தது. சூடு காட்டுகிற முள்ளுக்குப் போகும் ஒயர் எப்போதோ கழன்று கிடந்திருக்கிறது. முள் கீழே கிடந்தது வண்டி குளிர்ச்சியாக இருந்ததால் இல்லை. அதற்குச் சேதியே போகவில்லை. ஒயரை மாட்டினார். பச்சைக் கூலன்ட்டை ஊற்றி, மிச்சத்தை ஒரு பாட்டிலில் கொடுத்து, "இதுதான் பச்சை. நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. சூடு முழுக்க வண்டியோடதுதான், அக்கா சொன்னதெல்லாம் அக்காவுக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்கு அதிரச டின்களை ஏற்றிக்கொண்டு போனேன். காரைக்குடி தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. நெஞ்சு. கழுத்து. காது. முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. இதுவும் பொய் சொல்கிறதோ? நிறுத்தி, திரும்பக் கிளம்பாவிட்டால், வழியில் நிற்பது இரண்டாம் தடவை. நிறுத்தாமல் எஞ்சின் பிடித்துக்கொண்டால் எல்லாமே போச்சு.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அமர்த்தினேன். அசையாமல் உட்கார்ந்தேன். உஸ் இல்லை. இறங்கிச் சீட்டைத் தூக்கினேன். புதுக்குழாய் கறுப்பாக, உலர்ந்து கிடந்தது. ஜாடியில் கூலன்ட் கோட்டில் நின்றது, பச்சையாக. வண்டிக்கு ஒன்றுமே இல்லை. நான் எரிந்துகொண்டிருந்தேன். மரத்தடிக் காற்று அடிக்கிறது, எஞ்சின் அமர்ந்துவிட்டது, எனக்கு மட்டும் காது மடல் சுடுகிறது.

சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. குடிக்கிற தண்ணீரை எடுத்துக் கழுத்தில் ஊற்றினேன். மிச்சத்தைக் குடித்தேன். பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வழியில நிக்கிறேங்க."

"மறுபடியும் நின்னுருச்சா? நான் அப்பவே—"

"வண்டி நிக்கல. நான்தான் நிறுத்துனேன். சூடு வண்டிக்கு இல்ல, எனக்கு."

"ஒனக்கா? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லங்க. வயசு."

அவர் அடுத்துப் பேசுமுன் நானே கேட்டேன்: "இன்னொரு தடவ நின்னா வித்துருவோம்னு சொன்னீகள்ல? இப்ப யார விக்கப் போறீக?"

சிரிக்கிறாரா, இருமுகிறாரா என்று தெரியவில்லை. "டாக்டரப் போய்ப் பாரு புள்ள" என்றார். பிறகு, "முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"நடுவுல."

"அப்ப ஓட்டு."

சீட்டை இறக்கி, சாக்கையும் துண்டையும் சரிசெய்து உட்கார்ந்தேன். காது இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பினேன். கண்டனூர் போய்ச் சேரும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். டின்களை இறக்கும்போது கல்யாண வீட்டு ஆச்சி, "என்னத்தா, குளிச்சிட்டு ஈரத்தோட வந்துட்டியா?" என்று கேட்டார். ஆமாங்க ஆச்சி என்று சொல்லிவிட்டேன்.